சுவரில் இல்லாத முகம்

கட்டடக்கலை படிக்கிறவர்களை இத்தாலிக்கு அழைத்துப்போனால் என்ன காட்டுவார்கள்? சலவைக்கல் மாளிகை, சிலை, நீரூற்று. கல்லூரியிலிருந்து எங்களை நேப்பிள்ஸுக்குக் கூட்டிப்போனபோது நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். கூடவே ஒரு சின்ன ஆசை. அங்கேயாவது சுவர்களைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நடக்கலாம்.

திருவொற்றியூரில் அது முடியாது. எங்கள் குப்பத்துச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். என் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவனுடைய ஃபைபர் படகு மட்டும் எண்ணூர்ப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. ஊரே தேடி ஓய்ந்த பிறகு அவன் தோஸ்துகள் போஸ்டர் அடித்துக்கொண்டு வந்தார்கள். கூலிங் கிளாஸோடு பைக்மேல் சாய்ந்து நிற்கும் படம். பசை வாளியோடு வந்தவர்களை அம்மா வாசலிலேயே மறித்தாள்.

“பொணத்தக் காட்டு. அப்பால ஒட்டு.”

அந்தப் போஸ்டர் கட்டு பிரிக்கப்படாமல் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. யாராவது எங்களுக்குத் தெரியாமல் ஒன்றை ஒட்டியிருப்பார்களோ என்ற பயத்தில் நான் தலை குனிந்தே நடந்து பழகிவிட்டேன். அடக்கமான பெண் என்று தெருவில் பெயர் வேறு. எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

நான் கிளம்பியபோது அம்மா அண்ணனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கையில் திணித்தாள். “ஹார்பர் கீற ஊராமே. எந்தக் கப்பல்காரனாவது தூக்கினு போயிருப்பான். எதுக்கும் பாத்துட்டு வா.”

எனக்கு அலுத்துவிட்டது. போஸ்டரை ஒட்டினால் இந்தப் பயமாவது தொலையும். எப்படியும் அவளைச் சம்மதிக்க வைத்துவிடுவது என்று விமானத்திலேயே முடிவுகட்டினேன்.

முதல் நாள் காலை விடுதியை விட்டு வெளியே வந்து சந்து திரும்பினேன். சுவர் முழுக்கப் போஸ்டர். கறுப்புக் கரை கட்டிய வெள்ளைத் தாள், கொட்டை எழுத்தில் பெயர், சிலுவை, சிலவற்றில் முகம். மொழி தெரியாவிட்டாலும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் வாளியில் பிரஷ்ஷை முக்கி முக்கிப் பசை தடவிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்தும் விடவில்லையே என்று அழுகை வந்தது.

கூட வந்தவர்கள் மாடிகளில் காயும் துணிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தலை நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வழுக்கைத் தலைக்காரர்கள், முத்துமாலை போட்ட பெண்கள், நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பையன். அவன் அம்மா ஒட்ட விட்டிருக்கிறாள்.

மதியம் அம்மாவுக்குப் போன் போட்டேன். “இங்கியும் செவுத்துல ஒட்றாங்கம்மா. பெத்தவங்கோ ஒட்டத்தான் வுடறாங்க” என்று ஆரம்பித்தேன்.

“எல்லாத்தையும் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அவன் இல்லியே?”

“இல்லம்மா.”

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “அப்ப உசுரோடதான் கீறான். ஹார்பராண்ட போய்ப் பாரு.”

ஒட்டிவிடலாம் என்று சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சரி என்று போனை வைத்தேன்.

மறுநாள் எல்லோரும் அரண்மனை பார்க்கப் போனார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் துறைமுகத்துக்குப் போனேன். வேலை முடிந்து ஆட்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் தாண்டிப் போகும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.