தங்கையின் இரட்டைப் பல்

என் தங்கைக்கு மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் ஒட்டிப்போய், ஒரே அகலப் பல்லாக முளைத்திருந்தன. நடுவே மெல்லிய கோடு ஒன்று மட்டும் ஓடும். ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் அப்படியொரு பல்லை யாரும் கண்டதில்லை. அதிர்ஷ்டப் பல் என்றார்கள். சித்தி அதைப் போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினாள். எனக்கும்தான் வாய் நிறையப் பல் இருந்தது, பாதி சொத்தை. அதை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்த மிஸ்கூட என் வாயை அரை நிமிடத்தில் மூடிவிட்டு, தங்கையின் வாயில் நெடுநேரம் டோர்ச் அடித்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லித் துண்டுச் சீட்டும் கொடுத்தார். அம்மா அவளை மட்டும் பஸ்ஸில் மாத்தளைக்குக் கூட்டிப்போனாள். ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, சிவப்பு ஹேர்பேண்டோடு திரும்பி வந்தாள் மகாராணி. எனக்கு வயிறு எரிந்தது. என் பற்களும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று இரண்டைத் தையல் நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கினேன். ஈறு வீங்கியதுதான் மிச்சம்.

ஏழு வயதில் அந்தப் பல் விழுந்தது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப் பல் கேட்பது எங்கள் வழக்கம். அவளுக்குக் கை எட்டாததால் அந்த வேலை எனக்கு வந்தது. இரட்டைப் பல்லைக் கொடுத்தால் அணில் இரட்டைப் பல்லைத்தானே திருப்பித் தரும்? அப்புறம் ஆயுளுக்கும் அவள்தான் ராணி. பல்லைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, ஒரு கல்லைத் தகரத்தின் மேல் எறிந்தேன். டங்கென்ற சத்தம் கேட்டு அவள் கைதட்டினாள். பல்லை லயத்துக்கு முன்னால் ஓடும் கழிவுநீர்க் கானில் போட்டுவிட்டேன்.

மாதங்கள் போயின. ஒரு பல் வந்தது. பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. தினமும் கண்ணாடி பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அணில் மறந்துருச்சா?" என்று கேட்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடி லூசு, ஒன்னால இல்ல. அந்த எடத்துல அடியில பல்லே இல்லையாம். எக்ஸ்ரே பாத்தப்பவே டாக்டர் சொல்லிட்டாங்க. அவகிட்ட சொல்லிடாத, பாவம்."

அப்பாடா என்று திரும்பினேன். வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். அவள் அழவில்லை. உதட்டை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மா ஓடிப்போய் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் காலி இடத்தை மறைக்கத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அழுதது நான், உண்மையைச் சொன்னது நான், மடி மட்டும் அவளுக்கா என்றுதான் பொருமினேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.