விராலிமலை ரோட்டில் ஒரு முடிவு ஜெபம்

விராலிமலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பி பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கார் புகைகிறது. ரோட்டோரத் தகரக் கொட்டகை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்கலாமென்று காலி கேனோடு எட்டிப் பார்க்கிறேன். மொத்தச் சபையும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டுகிறது.

போதகர் மைக்கோடு ஓடி வருகிறார். "வாங்கண்ணே, இங்கிட்டு வாங்க. முடிவு ஜெபம் நீங்கதான் பண்ணணும்."

நெற்றியில் இருக்கும் திருநீற்றைத் தொட்டுக் காட்டுகிறேன்.

"அதனாலதாண்ணே கூப்புடுறேன்," என்று மைக்கைப் பொத்திக்கொள்கிறார். "பிரிவே வேணாம்னு ஆர்.சி., லுத்தரன், பெந்தெகொஸ்தே குடும்பங்க சேந்து ஆரம்பிச்ச சபை இது. ஆனா இவங்கள்ல யாரு ஜெபத்த முடிச்சாலும், சபை அவங்க பக்கம் சாஞ்சிருச்சுன்னு மத்தவங்க கோவிச்சுக்குறாங்க. நீங்க முடிச்சாத்தான் எல்லாருக்கும் சாப்பாடு."

பின்னால் பிரியாணி அண்டா மூடிக் கிடக்கிறது. பசியோடு எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

கண்ணை மூடிக் கைகூப்புகிறேன். "சாமி, எல்லாரும் நல்லாருக்கணும். என் வண்டி ஊரு போய்ச் சேரணும்."

"ஆமென்!" கொட்டகை அதிர்கிறது. வாசல் குழாயில் கேனை நிரப்புகிறேன். உள்ளே ஒரு பெரியவர் சொல்வது கேட்கிறது. "இம்புட்டுச் சுருக்கமா முடிச்சாருன்னா, லுத்தரன்தான்."

"அவரு கைகூப்புனதப் பாத்தீங்களா? ஆர்.சி.," என்கிறார் ஓர் அம்மா.

"வண்டிக்கெல்லாம் ஜெபிக்கிறாரு. பெந்தெகொஸ்தேயேதான்!"

போதகர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். அண்டா இன்னும் திறந்தபாடில்லை.