ஐந்து விநாடி அசையாமல்

போன வால்நட்சத்திரத்தை நாங்கள் கோட்டை விட்டோம். என் வீட்டுக்காரருக்கு மீஞ்சூர் கம்பெனியில் சாயங்கால ஷிப்ட், எனக்குக் காய்ச்சல், வானத்தில் மேகம். ஊரே அதன் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "டெலஸ்கோப்பு வெச்சிக்கினு நீங்க பாக்கலியா?" என்று கேட்டபோது வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. அதனால் புதிதாக ஒன்று வருகிறது, பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரியும் என்ற செய்தி வந்ததும் முடிவு கட்டிவிட்டேன். தலையை அடகு வைத்தாவது ஒரு நல்ல படம், என் கையால்.

எங்கள் வீடு பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறைக்கு இரண்டு தெரு தள்ளி. வியாழனையும் சனியையும் மொட்டை மாடியிலிருந்தே எடுத்திருக்கிறோம். அவை உச்சிக்கு ஏறி வரும் ஆசாமிகள். வால்நட்சத்திரமோ அடிவானத்தை ஒட்டியே நிற்கும். மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே செல்போன் கோபுரம், கல்லறை மதில் ஓரம் போனால் வேலிகாத்தான் புதர். அங்கே கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு திரிந்ததைப் பார்த்த புண்ணியவான் ஒருவர், நாங்கள் புதையல் தேடுகிறோம் என்று கிளப்பிவிட்டார்.

"ஏரிக்குள்ள போய்ட்டா மேக்கால ஒண்ணும் மறைக்காது" என்றேன். பக்கத்து வீட்டுப் படகை இரவல் வாங்கினோம். காற்றே இல்லை. முக்காலியைப் படகின் குறுக்குப் பலகையில் கயிறு போட்டுக் கட்டினேன்.

"ஆடுதா பாரு" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னா ஆடுது? கல்லு மாதிரி நிக்குது."

வால்நட்சத்திரம் மங்கலாக, வாலை மேலே நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றுக்கும் கேமராவின் கண் ஐந்து விநாடி திறந்திருக்க, நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நாற்பதிலும் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. பிறந்ததிலிருந்து தண்ணீரில் கிடந்த உடம்பு என்னுடையது. சின்ன ஆட்டமெல்லாம் அதற்கு ஆட்டமாகவே உறைக்காது. அவர் காட்டூர் விவசாயி மகன். "எனக்கு அப்பவே தல சுத்துச்சி. சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் மேகம். நிலா வளர்ந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு நாள் போனால் அதன் வெளிச்சத்தில் வால் கரைந்துவிடும். மிஞ்சியது ஒரே சாயங்காலம்.

மிதக்கிற எதிலும் இனி கேமராவை வைப்பதில்லை, ஏரித் தரையிலேயே நிற்க வைப்பது என்று தீர்மானித்தேன். சேற்றில் முக்காலி புதையும் என்று அவர் பயந்தார். ஆனால் நான் சின்ன வயதில் ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு அம்மாவோடு கையால் இறால் தடவியவள். எங்கே சேறு, எங்கே கிளிஞ்சல் இறுகிக் கிடக்கிறது என்று கால் சொல்லிவிடும். மதியம் இறங்கித் துழாவி, தொடையளவு தண்ணீரில் ஒரு கிளிஞ்சல் மேட்டைக் கண்டுபிடித்தேன். முக்காலியின் கால்களுக்கு மூங்கில் கட்டி நீளமாக்கினோம்.

அப்புறம்தான் வில்லங்கம். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். ஒருவருடைய பாடு நடக்கும் நாளில் அந்த இடத்தில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. கையால் பிடிக்கிற எங்கள் ஆட்களுக்குப் பாடே கிடையாது. சிறுமியாக இருந்தபோது எத்தனையோ முறை விரட்டப்பட்டிருக்கிறேன். அந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு, அன்று அந்த இடத்தில் பாடு உள்ள பாட்டுக்காரரைத் தேடிக் கரைக்குப் போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பீடியும் கையுமாக வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாயங்காலம் அரை மணி நேரம் உன் பாட்டுல நின்னுக்கட்டா? வால்நட்சத்திரத்த ஒரே ஒரு படம் எடுக்கணும்."

"வெளயாடுறியா? நீ எறங்கிக் கலக்கிட்டா எறா நிக்குமா? எனக்கு மறுபடி எப்ப மொறை வரும் தெரிமா?"

அவர் சொன்னது நியாயம்தான். அது இன்னும் சுட்டது. "எங்காளுங்க கால் வெச்சா தண்ணிக்கே தெரியாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றேன்.

"அதுக்குத்தான் தொரத்துறோம்" என்றார். பீடியை இழுத்துவிட்டுக் கேட்டார்: "அது இன்னிக்குப் போச்சின்னா எப்ப திரும்பி வரும்?"

"நம்ம பேரப்புள்ளைங்க காலத்துலகூட வராது."

பீடியை மணலில் நசுக்கினார். "என் மொறையாவது திரும்பி வரும். போய் நில்லு."

அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்காரரைக் கரையிலேயே நிறுத்திவிட்டு இறங்கினேன். பாட்டுக்காரர் தன் படகில், வலையை மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு எதிரே காத்திருந்தார். "அண்ணே, அசையாம இரு, அலை வந்துடும்" என்று கத்தினேன். தலையை ஆட்டினார். ஏதோ ஒரு நண்டு என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. நான் காலை எடுக்கவில்லை. சிவப்பு இறங்கியதும் வால்நட்சத்திரம் வந்தது. இருபது படம் எடுத்தேன். நான் கரையேறிய பிறகுதான் அவர் வலையை வீசினார். அன்று அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

படத்தில் தலை ஒரு புள்ளியாக, வால் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கீழே பாட்டுக்காரரின் படகு மட்டும் கலங்கிக் கிடந்தது. பீடி நெருப்பு ஒரு சிவப்புப் புழுவாக நெளிந்தது. "கீழ்ப் பாதிய வெட்டிடலாம்" என்றார் வீட்டுக்காரர். முடியாது என்றேன்.

மறுநாள் காலை படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பாட்டுக்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"வால் ஜோராக் கீது. நான் மட்டும் இன்னா இப்டி கலங்கிக் கீறேன்? நீ சொன்னியேன்னு மூச்சுகூட வுடாம குந்தினு இருந்தேனே! கல்லு மாதிரி!"

"ஆமாண்ணே" என்றேன். "நான் பாத்தேன். கல்லு மாதிரிதான் இருந்தே."