தொட்டியில் கரைத்த நீலம்

நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கி எறிந்தவன். ஆனாலும் கடத்தூர் பக்கம் எங்கள் ஊரில் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வைத்த முதல் ஆள் நான்தான். கிணற்று மேட்டில் தொட்டி கட்டி, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி மண்ணுக்கடியில் சிமெண்டுக் குழாய் புதைத்து, கீழ்க்காட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். எந்த இஞ்சினியரையும் கேட்கவில்லை. அந்தக் குழாயைப் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்துகூட ஆள் வந்ததுண்டு.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆவணி. மழை ஏமாற்றிவிட்டது. தக்காளி பூவெடுக்கிற நேரத்தில் தண்ணீர் மெலிந்தது. தொட்டியில் முழங்கை கனத்துக்கு விழுகிற தண்ணீர், காட்டுக்குப் போய்ச் சேரும்போது கட்டைவிரல் கனம்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் பச்சை. பள்ளிப் பிள்ளைகள் வேலிமுள்ளை வெட்டி, கல் பொறுக்கி, வீட்டுக்கு ஒரு கூடை எரு சுமந்து வந்து போட்ட தோட்டம் அது. கத்தரி, வெண்டை, கீரை. காய்த்தால் மதியச் சத்துணவுக்கு. எட்டாவது படித்த என் மகளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. ஊரே காய்ந்து கிடக்க, இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது தண்ணீர்? மகளையே கேட்டேன்.

"தட்டு கழுவற தண்ணிப்பா. வாய்க்கா வெட்டி அதைத்தான் வுடறோம்."

"தட்டு கழுவற தண்ணியில கத்தரிச்செடி இடுப்பு உசரம் வளருமா? யாருக்குடி காது குத்தற?"

சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு கவனிக்கக் கவனிக்க எல்லாமே தப்பாகப் பட்டது. என் தலை சுவருக்கு மேல் தெரிந்தால் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். மூலையில் ஒரு குழியை ஓலைத் தடுக்கு போட்டு மூடியே வைத்திருந்தார்கள். அது என் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. எருக்குழி என்றாள் மகள். எருக்குழிக்கு எதற்கு மூடி?

நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டேன்.

"சார், உங்க பிள்ளைங்க என் குழாயை ஒடச்சித் தண்ணி எடுக்கறாங்க."

தலைமை ஆசிரியர் நிதானமான மனிதர். அன்று முகம் சிவந்துவிட்டது.

"உங்க தண்ணி ஒரு சொட்டு இங்க வந்திருந்தாலும் சொல்லுங்க. தோட்டத்துல நானே மாட்டைக் கட்டி மேய வுட்டுடறேன்."

எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மகள் கையில் களைக்கொத்தோடு தரையைப் பார்த்தாள்.

எனக்குப் படிப்பில்லை, மூளை உண்டு. வேட்டிக்குப் போடுகிற நீலத்தைத் தொட்டியில் கரைத்துவிட்டால், அது எங்கே போய் எட்டிப் பார்க்கிறதோ அங்கேதான் திருட்டு. பாய் கடையில் இருந்த நீலத்தையெல்லாம் வாங்கினேன்.

"இன்னாண்ணே, ஊரு வேட்டியெல்லாம் நீங்களே வெளுக்கப் போறீங்களா?" என்றார் பாய்.

மறுநாள் மதிய மணி அடித்ததும் மோட்டாரைப் போட்டு நீலத்தைக் கொட்டும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு, தோட்டத்து வரப்பில் போய்க் குந்தினேன். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்தார்கள். இரண்டு பேர் அடிபம்பை அடிக்க, மற்றவர்கள் வாய்க்காலின் இருபுறமும் வரிசையாக உட்கார்ந்து தட்டு கழுவினார்கள். கூட்டம் தீரவே இல்லை. ஒருத்தி மண்ணை வெட்டி ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தாள். அவள் என் மகள். சோற்றுப் பருக்கை மிதக்க வெள்ளைத் தண்ணீர் பாத்திக்குப் பாத்தி போனது. நானும் கண் கொட்டாமல் பார்த்தேன். வெள்ளைதான் வந்தது. குழியின் தடுக்கைத் தூக்கிப் பார்த்தேன். சாணி நாற்றம். கோழி கிளறாமல் இருக்கத்தான் மூடி, என்றான் ஒருவன், நான் கேட்காமலே.

அப்போது சுவருக்கு மேலே என் மனைவியின் தலை தெரிந்தது.

"அங்க என்னத்தைப் பாத்துக்கினு குந்தியிருக்கீங்க? ஓடை முக்குல நம்ம ஆமணக்குக்கிட்ட நீலமா பொங்குது! எருமை காலெல்லாம் நீலம்!"

ஓடை முக்கு பள்ளிக்கூடத்தைத் தாண்டி இருக்கிறது. குழாய் திரும்புகிற இடம். சிமெண்டு தீர்ந்துபோன அன்று, சாக்கும் தாரும் சுற்றி நான் இணைத்த இடம். நூறு வருஷம் நிற்கும் என்று ஊரிடம் சொல்லியிருந்தேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமா, மிச்சம் நீலம் இருந்தா எங்க சட்டைக்குக் குடுங்க!" என்றது ஒரு குரல்.

தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. "மாட்டைக் கட்டட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"வேணாம் சார்," என்றேன்.

மகள் நிமிரவே இல்லை. அடுத்த பாத்தியைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் குழாயைத் தோண்ட இரண்டு பெரிய மாணவர்களை மண்வெட்டியோடு அவரே அனுப்பினார். எதற்கு அனுப்பினார் என்று எனக்கு அப்போதும் சந்தேகம்தான். தோண்டி முடிக்கிறவரை அவர்கள் கைமேல் நான் கண்ணாகவே இருந்தேன். அவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இந்தத் தடவையாவது சிமெண்டு வைத்துப் பூசுகிறேனா என்று.