தண்ணீர்க் குழியில் ஒரு பெண்

ஊரார் எல்லாருடைய மரபணுவையும் மலிவாகப் படிக்கும் ஆய்வுக்கூடத்தில், தட்டின் குழிகளில் ஒவ்வொருவர் மாதிரியிலிருந்தும் ஒரு சொட்டு விடுவது அவள் வேலை. பட்டப்பெயரே சொட்டு அக்கா. கடைசிக் குழியில் மட்டும் வெறும் தண்ணீர். அதில் மரபணு தென்பட்டால் எங்கோ பிசகு.

இன்று முடிவைப் பார்த்த கணினிக்காரன் சிரித்தான். "தண்ணிக் குழியில ஒரு பொம்பள இருக்காங்கக்கா. நீங்களாத்தான் இருக்கும். வாய் ஓயாம எண்ணிக்கிட்டே விட்டா எச்சில் தெறிக்காதா?"

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "நான்தான்னு எப்படிச் சொல்ற?"

"உங்க பொண்ணு சாம்பிளும் இதே தட்டுலதானே? ஒத்துப் பார்த்தா தாயும் மகளும்னு காட்டிடும். வாசல்லதான் நிக்கிறா, கூப்பிடுங்க, அவளும் பாக்கட்டும்."

ஒரு தட்டையும் வீணாக்காத சொட்டு அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"தட்டத் தூக்கிப் போட்டுடு தம்பி, மறுபடி செய்றேன். அவள நான் பெக்கல. அது அவளுக்குத் தெரியாது."