ஐந்தாம் படத்துக் கட்டைவிரல்

அசிங்கம். அந்தச் சொல்லைப் படித்ததும் கைகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள்.

"ஐந்தாம் படத்தில் உங்கள் கை அசிங்கமாக இருக்கிறது. நாளை பேசலாம்."

எழுதியவர் இன்ஜினியர். ஆறு வருஷமாக ஒரு சுடுசொல் எழுதாத மனிதர். அதையும் காதோடு காதாகச் சொல்லவில்லை. நாலு நாட்டுக்காரர்கள் கூடி எழுதுகிற பொது பிளாக்கில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, அவள் வரைந்த படத்துக்கு நேர் கீழே போட்டிருந்தார்.

கைகாரி என்பது வீட்டுக்காரர் கிண்டலாக வைத்த பெயர். கைகாரி என்றால் சாமர்த்தியக்காரி, நாலு பேரை விற்றுவிட்டு வருகிறவள் என்றுதானே அர்த்தம்? இவளிடம் அந்தச் சாமர்த்தியம் மருந்துக்கும் கிடையாது. கை வரைவது தொழில், அவ்வளவுதான். கட்டிலோ அலமாரியோ வாங்கினால் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருக்கும். இந்தத் திருகாணியை இங்கே போடு, இந்தப் பலகையை இப்படித் திருப்பு என்று எழுத்தே இல்லாமல் வெறும் படமாகச் சொல்லும். அந்தப் படங்களில் வருகிற கைகள் இவள் வரைந்தவை. முதலில் கட்டட வரைபட ஆபீஸ் ஒன்றில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய்கிற வேலையாகத் தேடியதில் வெளிநாட்டு மரச்சாமான் கம்பெனி ஒன்றில் இது அகப்பட்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் வீட்டுக்காரர்தான் மாடல். ஷிப்டுக்குக் கிளம்புகிற மனுஷரை வாசலில் மறித்து, "ஏங்க, விரலை இப்படி மடக்குங்க" என்பாள்.

"என் விரல் உலகம் பூராச் சுத்துது. நான்தான் டிப்போவத் தாண்டல" என்று அவர் அலுத்துக்கொண்டே மடக்குவார்.

கூட வேலை செய்கிறவர்கள் யாரையும் இவள் நேரில் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை வீடியோவில் கூடினார்கள். மேலாளர் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். இவளுக்கு அவர் பாஷையில் வாயைத் திறக்கவே பயம். சாமான்களின் பாதுகாப்புச் சோதனை பார்க்கிற சோதனையம்மா கேமராவையே அணைத்து வைத்திருப்பாள். மீட்டிங் முடிந்ததும் ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டு ஆளுக்கு ஒரு மாதிரி வேலை செய்து வைப்பார்கள்.

பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இன்ஜினியர்தான் அந்த பிளாக்கைத் தொடங்கினார். அவரவர் மொழியில் எழுதலாம், மெஷின் மற்றவர்களுக்கு மாற்றிக் காட்டும். படத்தை ஒட்டினால் கீழே எல்லாரும் கருத்து எழுதலாம், யார் எப்போது என்ன சொன்னார் என்பது அப்படியே கிடக்கும். என்ன ஆயிற்று தெரியுமா? வாய் திறக்காத சோதனையம்மா பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒருவர் பேசும்போது குறுக்கே புகுவது அவள் ஊரில் மரியாதையில்லையாம். மேலாளர் மூச்சு விட்டால்தானே அவள் பேசுவதற்கு! ஒரு முக்காலியின் கால் விஷயம் இரண்டு மாதம் இழுத்துக்கொண்டிருந்தது, பிளாக்கில் ஒரே மத்தியானத்தில் தீர்ந்தது. கைகாரியும் மெல்ல மெல்ல மகளின் பரீட்சை, மாடிக் குழாய் ஒழுகல் என்று எழுதத் தொடங்கினாள். அவளுக்கு அது இன்னொரு வீடு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வீட்டில்தான் அசிங்கம் என்றார்கள். ஒரு படத்துக்கு நாற்பது தடவை அழித்து வரைகிறவளுக்கு இந்தப் பட்டம் தேவைதானா?

"என்னன்னு ஒரு வார்த்த கேளேன்" என்றார் வீட்டுக்காரர்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? எழுத்தில கெடக்குதே. இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போய் நிக்கறது?"

கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். கதவைச் சாத்திக்கொள்வாள். பிளாக்கில் மூன்றே வரி தட்டினாள்: "இத்தனை நாள் கூட இருந்ததுக்கு நன்றி. எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கங்க. போயிட்டு வரேன்." லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தாள். வேலைக்கான மெயிலையும் அதோடு திறக்கவில்லை.

பத்தொன்பது நாள் போயிற்று. பெயர்ப்பலகை எழுதுகிற பட்டறை ஒன்றில் ஆள் வேண்டுமென்றார்கள், பழைய படங்கள் நாலைந்து கொண்டுவரச் சொன்னார்கள். படங்களெல்லாம் பிளாக்கில்தான் இருந்தன. எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று ஒரு நண்பகலில் திறந்தாள்.

ஐந்தாம் படம் அவள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே நாள் தவறாமல் ஒரு பதிவு.

"கை இன்னும் வரவில்லை. போய்விட்டு வருவதாக எழுதியிருக்கிறார்" என்று முதல் நாள் இன்ஜினியர்.

"அவர் நாட்டில் போய்விட்டு வர எத்தனை நாள் ஆகும்? யாருக்காவது தெரியுமா?" என்று மூன்றாம் நாள் சோதனையம்மா.

"மெயிலுக்குப் பதில் இல்லை. வேறு ஆளை வைத்துக்கொள்வோம்" என்று எட்டாம் நாள் மேலாளர்.

"வேண்டாம். வருகிறேன் என்று சொன்னவரின் நாற்காலியில் இன்னொருவரை எப்படி உட்கார வைப்பது?" என்று அன்றைக்கே சோதனையம்மா. மீட்டிங்கில் இருமக்கூடத் தயங்குகிறவள் மேலாளரை எதிர்த்து எழுதியிருந்தாள்.

கைகாரி வேகவேகமாகக் கீழே நகர்த்தினாள். பதினோராம் நாள் இன்ஜினியர் எழுதியிருந்தார். "இன்றைக்கு என் வேலை தாமதமானது என்னால்தான். நேற்று என் மகன் கணக்குப் போடும் அசிங்கமான நோட்டைத் தொலைத்துவிட்டான். வீடு முழுக்கத் தேடினோம். நல்ல நோட்டில் எழுதுவதற்கு முன் எல்லாக் கணக்கையும் அதில்தான் போட்டுப் பார்ப்பான்."

அசிங்கமான நோட்டா? அவள் மூன்று முறை படித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். ரஃப் நோட்டு! அந்த மனுஷன் மொழியில் ரஃபுக்கும் அசிங்கத்துக்கும் ஒரே சொல் போலிருக்கிறது. பாழாய்ப்போன மெஷின் இரண்டில் கெட்டதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறது. கை இன்னும் ரஃபாகத்தான் இருக்கிறது, நாளை பேசி முடித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். இவளோ பேச ஒரு நாள்கூட விடவில்லை.

கடைசிப் பதிவு மேலாளருடையது, அன்று காலை போட்டது. "குழந்தைத் தொட்டிலின் தாள் அச்சுக்குப் போக வேண்டும், ஐந்தாம் படம் மட்டும்தான் பாக்கி. இன்று உங்கள் நேரம் இரண்டு மணிக்குள் கை வராவிட்டால் வேறு ஆள். இதற்கு மேல் அச்சை என்னால் பிடித்து வைக்க முடியாது." மணி பன்னிரண்டு ஐந்து. மேலாளரும் பத்தொன்பது நாள் பிடித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நில்லுங்க! கட்டைவிரல்!"

"பட்டறைக்குன்னுதானே சொன்ன?"

"அதெல்லாம் அப்புறம். தொட்டில் தாழ்ப்பாளை அழுத்திக்கிட்டே பக்கக் கம்பியத் தூக்கணும். அழுத்தாம தூக்கினா குழந்தை விரல் மாட்டிக்கும். அழுத்துங்க."

அவர் பென்சில் டப்பாவை அழுத்திக்கொண்டு நின்றார். "ஷிப்டுக்கு லேட்டாகுதுடி" என்றார். ஆனாலும் நகரவில்லை.

ஒன்று நாற்பத்தெட்டுக்குப் படம் ஏறியது. கீழே "வந்துட்டேன்" என்று எழுதினாள். அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "மன்னிச்சிடுங்க. நான் திரும்பி வர்ற நினைப்போட போகல. இன்ஜினியர் எழுதின சொல்லை மெஷின் அசிங்கம்னு மாத்திக் காட்டுச்சு, அதைத் தப்பா எடுத்துக்கிட்டு ஒரேயடியா போயிட்டேன். எங்க மொழியில போறேன்னு மட்டும் சொல்றது நல்லதில்ல. யாரு போனாலும் போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம். வாய்க்குப் பழக்கம். அதை நம்பி நீங்க காத்திருப்பீங்கன்னு தெரியாது."

பதில் வரக் கால் மணி ஆயிற்று. கைகாரி முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கில் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"படம் சரி. அச்சுக்குப் போகிறது" என்றார் மேலாளர். "அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தேன். ஐயோ" என்று மட்டும் இன்ஜினியர் எழுதினார். சோதனையம்மா கடைசியாக வந்தாள்.

"எங்கள் ஊரில் போகிறவர்கள் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஆளை நான் முதல் முறையாகப் பார்த்தேன். அதனால்தான் நாற்காலியை விடவில்லை. உங்கள் மொழி உங்களைவிட நல்ல மனசு உள்ளது."

கைகாரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது தீர்த்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடுமுன் வாய்ப் பழக்கத்தில் "போயிட்டு வரேன்" என்று தட்டினாள். அனுப்பப் போன விரல் சட்டென்று நின்றது. இந்தச் சொல்லை இங்கே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு" என்று சேர்த்து அனுப்பினாள்.