முப்பத்தெட்டுப் பேர், ஒரே கையெழுத்து

பிள்ளைகளின் கையெழுத்து கெட்டுப்போனதற்கு எல்லோரும் பால் பாயிண்ட் பேனாவைத் திட்டுகிறார்கள். மற்ற ஊர்களில் அது உண்மையாக இருக்கலாம். அருப்புக்கோட்டையில் நான் படித்த பெண்கள் பள்ளியில் காப்பி ரைட்டிங் வகுப்பு நின்றுபோனதற்குக் காரணம் பேனா இல்லை, நான்தான். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியமும் இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. நான் ஒன்பதாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரமாகப் பார்த்து அந்த வகுப்பை வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து எழுதப் பழகும் வகுப்பு. நாலு கோடு நோட்டு, கட்டைப் பேனா, பெஞ்சுக்கு ஒரு மைக்கூடு. கட்டைப் பேனா என்பது ஒரு மரக்குச்சியின் நுனியில் நிப்பைச் செருகியது, அவ்வளவுதான். மையில் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். ஆனால் ஒரு சொல்லைத் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை நிப்பைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. புள்ளி, குறுக்குக்கோடு எல்லாம் கடைசியில். நடுவில் தும்மல் வந்தால் தும்மலைத்தான் நிறுத்த வேண்டும், சொல்லை நிறுத்தக் கூடாது.

இங்கிலீஷ் டீச்சர் ஒல்லியானவர். இடது கையில் ஆம்பளைகள் கட்டுகிற பெரிய வாட்ச், வலது கையில் அடி ஸ்கேல். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்தான் எழுத்துப் பழக்கினார். கரும்பலகையில் அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே நாங்களும் எழுத வேண்டும். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. ஒருமுறை பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு, நானும் முதல் எழுத்துக்கு ஒரு சுழி போட்டு வால் விட்டேன். விரல் முட்டியில் ஸ்கேல் விழுந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. என் எழுத்து நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"எழுது புள்ள" என்றார். அவ்வளவுதான் பதில். அவரை எனக்குப் பிடிக்காது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர். நாலு வருஷத்தில் எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே கையெழுத்தாகிவிட்டது. நோட்டின் மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு உரிந்துவிட்டால் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. சண்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்வோம்.

எங்கள் அப்பாவுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. ஓரமாக ஒரு அலமாரியில் நோட்டு, நிப்பு, மை மாத்திரையும் வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுது வாங்கிய அனுமதி அது. சரி என்று சொன்ன அன்றைக்கே அப்பா ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார். "பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு புகாரு வந்துச்சு, அன்னையோட நிப்பாட்டிருவேன். அழுதாலும் சரி, பட்டினி கெடந்தாலும் சரி." அப்பா அதிகம் பேச மாட்டார். பேசினால் பேசியதுதான்.

அந்த வருஷம் மழை பொய்த்து, மாசியிலேயே பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு. காலையில் ஒரு மாட்டுவண்டி இரும்புப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவரும். பாதி எங்கள் குடிதண்ணீர்த் தொட்டிக்கு, பாதி பெரிய டீச்சர் வீட்டு மல்லிகைப் பாத்திக்கு. பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. பள்ளி வளாகத்திலேயே குடியிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை கடவுள் வாழ்த்துப் பாடுகிற பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே பூ வைத்துவிடுவார். ஆனால் மல்லிகை வாடினால் அவர் முகமும் வாடிவிடும். பிள்ளைகள் வாடினால் குடையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வார்.

பதினோரு மணிக்கெல்லாம் தொட்டியில் அடிமண் தெரியும். மை மாத்திரையைக் கரைக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. அதற்காக இங்கிலீஷ் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். முப்பத்தெட்டுப் பேரும் நாக்கு வறண்டு அந்தப் பாட்டிலையே பார்ப்போம். அவர் அதை அளந்து அளந்து மைக்கூட்டில் ஊற்றுவார். கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. ஒருநாள் இறைவணக்கத்தில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அன்று சாயங்காலம், எங்கள் தண்ணீர் மல்லிகைக்குப் போகிறது என்று கல்வி அதிகாரிக்கு நான் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன்.

அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று அப்போதுதான் பாடம் நடந்திருந்தது. அதனால் இங்கிலீஷிலேயே எழுதினேன். இங்கிலீஷில் எழுதினால் கல்வி அதிகாரி எழுந்து நின்று படிப்பார் என்று ஒரு நினைப்பு. மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்கள் இடது கையால் எழுதுவார்கள், எழுத்தைக் கோணல்மாணலாக்குவார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. வெள்ளைத்தாளில் பென்சிலால் நாலு நாலு கோடாக அடித்துக்கொண்டேன். ஓரத்தில் மார்ஜின் விட்டேன். ஒரு சொல்லுக்கும் நிப்பைத் தூக்காமல் எழுதி முடித்து, மை காய்ந்த பிறகு ரப்பரால் பென்சில் கோட்டை அழித்தேன். வகுப்பில் எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து. கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். பெயர் எழுதாவிட்டால் யாரென்று தெரியாது என்பது என் புத்திசாலித்தனம்.

ஒரு வாரம் கழித்து, டீச்சர் என் நோட்டைத் திருத்தும்போது நிப்பைக் காட்டச் சொன்னார். அதில் ஒரு பக்கம் நுனி பிளந்திருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மெல்லிசாக இன்னொரு கோடு விழுகிறது என்று திட்டிவிட்டு, நாளைக்கே மாற்றிவிட்டு வரச் சொன்னார். கடையில் நிப்புக்கா பஞ்சம்? மறுநாளே மாற்றிவிட்டேன். அதை அத்தோடு மறந்தும்விட்டேன்.

கடுதாசி போட்ட மூன்றாம் வாரம், அதே கடுதாசி பெரிய டீச்சர் கையோடு எங்கள் வகுப்புக்குள் வந்தது. நம் ஊர் நியாயம் அப்படி. யார்மேல் புகாரோ அவருக்கே அனுப்பி, விசாரித்துப் பதில் எழுதச் சொல்வார்கள். அழித்த பென்சில் கோடு வெளிச்சத்தில் தெரிந்திருக்கிறது. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வேலைதான் என்று அதிகாரியே ஓரத்தில் குறித்திருந்தாராம். பெரிய டீச்சர் சத்தம் போடவில்லை. எழுதியது யார் என்று தெரிந்தால் இன்றைக்கே டி.சி. கிழித்து, அப்பாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார். பிறகு எங்கள் எல்லோரையும் கடுதாசியின் முதல் வரியை ஆளுக்கொரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.

அவரோடு வந்திருந்த ஆபீஸ் கிளார்க் ஐயா முப்பத்தெட்டுத் தாளையும் மேஜையில் பரப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடுதாசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நெற்றி வியர்த்துவிட்டது. எல்லாமே ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கிறது அம்மா என்றார். பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. எனக்கும் உயிர் வந்தது. நாலு வருஷமாக வாங்கிய ஸ்கேல் அடிக்கெல்லாம் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

பெரிய டீச்சர் விடவில்லை. ஜன்னல் ஓரமாக நின்ற இங்கிலீஷ் டீச்சரிடம் கடுதாசியை நீட்டினார். தினமும் இவர்கள் எழுத்தைப் பார்க்கிறவர் நீங்கள், சொல்லுங்கள் என்றார்.

டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே மெதுவாக நகர்த்தினார். இரண்டாம் வரியில் விரல் நின்றது. அப்போதுதான் எனக்குப் பழைய நிப்பு ஞாபகம் வந்தது. கடுதாசி முழுக்க ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அந்த மெல்லிசுக் கோடு இருந்திருக்கும். டீச்சர் நிமிர்ந்து என் மேஜைமேல் இருந்த பேனாவை ஒருதரம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா கடையைச் சாத்திவிட்டு வருவதும், நாளையிலிருந்து நான் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

"இத நான்தான் எழுதுனேன்" என்றார் டீச்சர்.

கிளார்க் ஐயா கரும்பலகையைப் பார்த்தார், கடுதாசியைப் பார்த்தார். இரண்டும் ஒரே எழுத்து.

"தண்ணி இல்லேன்னா இல்லேன்னுதான எழுதணும். பேரு போடாம விட்டது தப்புத்தான்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் கடுதாசியை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, நோட்டை எடுக்கச் சொன்னார். அன்றைக்கு எழுதிய சொற்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு மாதத்தில் அவரைப் பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் கடைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். ஒரு டிரங்குப் பெட்டியும் பையுமாக அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உங்க டீச்சர் மாதிரி தெரியுதே, போய்ச் சொல்லிட்டு வா என்றார் அப்பா. தலைவலி என்று சொல்லிவிட்டு நான் மல்லி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பஸ் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

காப்பி ரைட்டிங்தான் இந்த வினைக்கெல்லாம் காரணம் என்று பெரிய டீச்சர் முடிவுகட்டிவிட்டார். அந்த மூன்று பீரியடும் தோட்ட வேலையாக மாறியது. அதிகாரி ஒப்புக்கு ஒரு உத்தரவு போட்டிருந்ததால் இரண்டாவது வண்டித் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. தொட்டி நிரம்பியது. மிச்சத்தை நாங்களே குடத்தில் தூக்கி மல்லிகைக்கு ஊற்றினோம். மல்லிகை அந்த வருஷம் மாதிரி பூத்து நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் ஒருத்தி பால் பாயிண்ட் பேனாவோடு வந்தாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் தங்கை அந்தப் பள்ளிக்கு வந்தபோது நாலு கோடு நோட்டு என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. கோழி கிண்டின மாதிரி எழுதினாள். கடையில் தேங்கிப்போன நாலு கோடு நோட்டுகளை அப்பா தாள் தாளாகக் கிழித்துச் சீரகம் மடித்துக் கொடுத்தார். முன்னெல்லாம் இது அலமாரியில் நிற்காதே, இப்போது ஏன் ஒருத்தியும் கேட்பதில்லை என்று என்னிடமே கேட்டார். நான் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பள்ளிப்படிப்பை முடித்தேன். ஆசிரியப் பயிற்சியும் முடித்தேன். எழுபதுகளின் நடுவில் திருச்சுழிக்கு அந்தப்பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. சேர்ந்த மாதமே பரளச்சிப் பக்கம் போய் விசாரித்தேன். டீச்சர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நாலு வருஷம் அவரிடம் படித்த எனக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் எங்கள் பள்ளிக்கே ஒரு மொட்டைக் கடுதாசி திரும்பி வந்தது. எங்கள் தலைமையாசிரியருக்கு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் மூன்று மணிக்கே மணி அடித்துவிடுவார். அதைத்தான் யாரோ தமிழில், பால் பாயிண்ட் பேனாவில், எழுதிப் போட்டிருந்தார்கள். அவர் அதை என்னிடம் நீட்டினார். "இது யாரு எழுத்துன்னு தெரியுதா டீச்சர்? ஆளு மட்டும் தெரியட்டும், சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிருவேன்."

பார்த்தவுடனே தெரிந்தது. ஏழாம் வகுப்பு. எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்து, யாரோ பிடித்து இழுத்த மாதிரி நிற்கும். வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி வராது. மிளகாய் பறிக்க ஆள் குறைகிறது என்று அவளுடைய அம்மா அரை மனதாகத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நிஜமாகவே திறந்தேன். ஆனால் யார் நம்புவார்கள்? என் எழுத்து ஒன்று, அவள் எழுத்து வேறொன்று. டீச்சருக்கு இருந்த தைரியத்தில் கொஞ்சம் எனக்கு இருந்திருக்கலாம். அவர் பின்னால் ஒரே எழுத்தோடு முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். என் பின்னால் யாரும் இல்லை. தெரியவில்லை சார் என்றேன். அவர் நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பிப்பதற்குள், ஏழாம் வகுப்பு அடுக்கிலிருந்து அவளுடைய நோட்டு இரண்டையும் உருவிச் சேலைத் தலைப்புக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு அவர் கைவிட்டார். மணி மட்டும் நாலு மணிக்கு அடிக்க ஆரம்பித்தது.

அடுத்த திங்கட்கிழமை கரும்பலகையில் தமிழுக்கு இரண்டு கோடும் இங்கிலீஷுக்கு நாலு கோடும் போட்டேன். இனி எல்லோரும் நான் எழுதுகிற மாதிரிதான் எழுத வேண்டும், சொந்தச் சரக்கு கூடாது என்றேன். கையில் ஸ்கேல் இல்லை, அது ஒன்றுதான் குறை. எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் எழுந்து நின்றாள்.

"என் எழுத்து நல்லாத்தான டீச்சர் இருக்கு? எதுக்கு எல்லாரும் ஒண்ணு போல எழுதணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எழுது புள்ள" என்றேன்.